சியாட்டில் பேக்ஸ் வெஸ்ட்: தனியாகப் போய்க் கூட்டாளிகளோடு திரும்புவது எப்படி

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். சியாட்டிலில் ஆண்டுதோறும் நடக்கும் வீடியோ கேம், போர்டு கேம் திருவிழாவான பேக்ஸ் வெஸ்டுக்குப் போய்ப் பெரிய கம்பெனிகளின் ஸ்டால்களை மட்டும் சுற்றிவிட்டு வந்தால் ஒரு ஆள்கூடப் பழக்கமாக மாட்டார். கை நிறைய இலவசப் பைகள் கிடைக்கும், கால் வலிக்கும், போன் முழுக்கப் படம் இருக்கும், அவ்வளவுதான். இங்கே மனிதர்கள் கிடைப்பது உட்காரும் இடங்களிலும் காத்திருக்கும் இடங்களிலும்தான். அந்த இடங்கள் எவை, அங்கே போய் என்ன செய்வது, என்ன பேசுவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

யாருக்காக இது? வேலைக்கோ படிப்புக்கோ சியாட்டில் பக்கம் வந்து, ரெட்மண்டிலோ பெல்வியூவிலோ ஒரு அபார்ட்மென்ட்டில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு இந்தியாவில் இருக்கும் பழைய நண்பர்களோடு ஆடிக்கொண்டிருக்கிறீர்களே, உங்களுக்குத்தான். வேறு ஊரிலிருந்து விமானம் ஏறி வருகிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

பேக்ஸ் என்றால் என்ன, ஏன் இது தோதான இடம்

பென்னி ஆர்கேட் என்ற இணையக் காமிக்ஸை நடத்திய இருவர் 2004இல் பெல்வியூவில் உள்ள மெய்டன்பவர் சென்டரில் இதைத் தொடங்கினார்கள். முதல் வருடம் வந்தவர்கள் மூவாயிரம் பேர் அளவில். இடம் போதாமல் 2007இல் வாஷிங்டன் ஏரியைத் தாண்டி சியாட்டிலுக்கு வந்துவிட்டது. இப்போது பாஸ்டனில் பேக்ஸ் ஈஸ்ட், மெல்போர்னில் பேக்ஸ் ஆஸ்திரேலியா, ஃபிலடெல்ஃபியாவில் போர்டு கேம்களுக்கென்றே பேக்ஸ் அன்பிளக்டு என்று கிளைகள் உண்டு. சியாட்டிலில் நடப்பது வெஸ்ட். லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) வாரஇறுதி, வெள்ளி முதல் திங்கள் வரை.

இந்த வரலாறு எதற்கென்றால், தொடக்கத்திலிருந்தே இது ஆடுகிறவர்களுக்கான கூட்டம். லாஸ் ஏஞ்சலஸில் நடந்துகொண்டிருந்த ஈ3 வியாபாரிகளுக்கும் பத்திரிகைக்காரர்களுக்குமான கண்காட்சியாகத் தொடங்கியது, 2023 டிசம்பரில் அதை ஒரேயடியாக மூடிவிட்டதாக அறிவித்தார்கள். பேக்ஸில் விற்பனைக் கூடம் ஒரு பகுதி மட்டும்தான். அதற்கு வெளியே டிவியோடு இணைத்து ஆடும் கன்சோல்களை வைத்து யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று திறந்துவிட்ட அறைகள், போர்டு கேம் இரவல் கொடுக்கும் நூலகம், பீன் பேக் போட்டுப் படுத்துக்கொண்டு நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்கக் கருவியில் ஆடும் மூலைகள் என்று நிறைய உண்டு. முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இவற்றைத்தான்.

டிக்கெட் எடுப்பதிலேயே ஒரு கணக்கு இருக்கிறது

டிக்கெட்டை இங்கே பேட்ஜ் என்பார்கள். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக வாங்கலாம். சனிக்கிழமைதான் எல்லோருக்கும் வேண்டும், கூட்டமும் அன்றுதான் தாங்காது. ஒரே ஒரு நாள் போவதாக இருந்தால் ஆள் பழகும் ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். என் கருத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் எடுப்பதுதான் சரி. முதல் நாள் ஒரு மேசையில் பார்த்தவரை மறுநாள் அதே மேசையில் பார்க்கும்போதுதான் பெயரே மனதில் நிற்கும். "நேற்று பார்த்தோமே!" என்ற ஒரு வாக்கியத்திலேயே பாதித் தயக்கம் போய்விடும். ஞாயிறும் திங்களும் எடுத்தால் லீவு போட வேண்டியதில்லை, திங்கள் அரசு விடுமுறை, அன்று கூட்டமும் சற்றுத் தளர்ந்திருக்கும், ஸ்டாலில் நிற்பவர்களுக்கும் பேச நேரம் இருக்கும்.

பேட்ஜை அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். வாசலில் நின்று விற்கிறவரிடம் வாங்கி, உள்ளே நுழையும்போது ஸ்கேன் ஆகாமல் போனால் யாரும் உதவ முடியாது.

கிளம்பும் முன்

ஒரு சின்ன தயாரிப்பு வேண்டும். பேக்ஸின் டிஸ்கார்டிலும் (விளையாட்டு ரசிகர்கள் கூடும் அரட்டைச் செயலி), நீங்கள் ஆடும் விளையாட்டின் டிஸ்கார்டிலும் நுழைந்து "பேக்ஸுக்கு யார் வருகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மான்ஸ்டர் ஹண்டர், ஃபைனல் ஃபேன்டசி 14 மாதிரிக் கூட்டாக ஆடும் விளையாட்டுகளின் ரசிகர்கள் தாங்களாகவே ஒரு நேரமும் ஒரு இடமும் குறித்துச் சந்திப்பது வழக்கம். அதில் ஒன்றிரண்டை மட்டும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டால் போதும். நாள் முழுக்க அட்டவணை போட்டு நிரப்பிவிடாதீர்கள், நல்ல பேச்சு நடுவில் இருக்கும்போது "எனக்கு 2:30க்கு இன்னொரு இடம்" என்று எழுந்து ஓட வேண்டிவரும்.

பையில் என்ன? பவர் பேங்க், தண்ணீர் பாட்டில், கொறிக்க ஏதாவது, நன்றாகப் பழகிய ஷூ. புது ஷூ வேண்டவே வேண்டாம். ஸ்விட்ச், ஸ்டீம் டெக் மாதிரிக் கையடக்க விளையாட்டுக் கருவி எது இருந்தாலும் கொண்டுபோங்கள், நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கருவி 3டிஎஸ் இருந்தால் அதையும் விடாதீர்கள். 3டிஎஸ்ஸில் ஸ்ட்ரீட்பாஸ் என்று ஒரு வசதி உண்டு, பையில் கிடந்தபடியே பக்கத்தில் நடந்துபோகும் இன்னொரு 3டிஎஸ்ஸோடு விவரம் பரிமாறிக்கொள்ளும். ஊரில் வருடக்கணக்கில் ஒருவரும் சிக்காமல் கிடக்கும் கருவி இங்கே திடீரென்று பச்சை விளக்கு காட்டினால், அதைப் பார்த்துச் சிரிக்கிற இன்னொருவர் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறார் என்று அர்த்தம்.

அப்புறம், சட்டை. நீங்கள் விரும்பும் விளையாட்டின் படமோ சின்னமோ உள்ள டி-ஷர்ட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பேச்சைத் தொடங்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல உபாயம் கிடையாது, எதிராளியே தொடங்கிவிடுவார். எல்லோருக்கும் தெரிந்த சின்னத்தைவிடக் கொஞ்சம் பேருக்கு மட்டும் தெரிந்தது நல்லது. மாரியோ சட்டையை ஆயிரம் பேர் போட்டிருப்பார்கள், யாரும் நிற்க மாட்டார்கள். ஹாலோ நைட் சட்டைக்கு நிற்பார்கள்.

விமான நிலையத்திலிருந்து லைட் ரயில் ஏறினால் வெஸ்ட்லேக் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பேக்ஸ் நடக்கும் கன்வென்ஷன் சென்டர் இப்போது ஆர்ச், சம்மிட் என்று இரண்டு கட்டடம், சம்மிட் 2023இல் திறந்தது. எந்தப் பகுதி எந்தக் கட்டடத்தில் என்பது மாறக்கூடியது, அந்த வருட வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டேபிள்டாப் (போர்டு கேம் பகுதி) எங்கே, ஃப்ரீபிளே (கன்சோலில் இஷ்டப்படி ஆடும் பகுதி) எங்கே, கையடக்கக் கருவி ஆடுகிறவர்களின் மூலை எங்கே என்ற மூன்றையும் முதலில் குறித்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

காலை வரிசை

கூடம் திறப்பது பத்து மணிக்கு. அதற்கு முன்பே பெரிய அறை ஒன்றில் வரிசையாக உட்கார வைத்துவிடுவார்கள். திருப்பதி வரிசையில் முன்பின் தெரியாத குடும்பங்கள் முறுக்கைப் பகிர்ந்துகொண்டு ஊர்க்கதை பேசுமே, அதேதான் இங்கேயும். யாருக்கும் வேறு போக்கிடம் இல்லை, எல்லோருக்கும் ஒரே எதிர்பார்ப்பு. பேக்ஸில் இது ஒரு பண்பாடாகவே ஆகிவிட்டது. வரிசையில் நிற்கிறவர்களுக்கு வளைத்து விளையாடப் பைப் கிளீனர் கொடுப்பார்கள், ஆட்கள் அதில் கிரீடமும் வாளும் செய்து தலையில் மாட்டிக்கொள்வார்கள், கூட்டத்தின் மேலே கடற்கரைப் பந்து பறக்கும். போனைப் பைக்குள் போடுங்கள். பந்து உங்களிடம் வந்தால் தட்டுங்கள்.

என்ன பேசுவது? "முதலில் எதைப் பார்க்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் இல்லாத ஆளே வரிசையில் கிடையாது. அவர் சொன்னதை நீங்கள் கேள்விப்பட்டதில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள், அது என்ன மாதிரி விளையாட்டு என்று கேளுங்கள், பத்து நிமிடம் அவரே பேசுவார்.

கேட்கக் கூடாததையும் சொல்லிவிட வேண்டும். நம் பழக்கத்தில் முதல் கேள்வி "எந்த ஊர்?" என்பதுதான். இங்கே அதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள், குறிப்பாக முகத்தைப் பார்த்து வேறு நாட்டுக்காரர் என்று ஊகித்துக் கேட்பதாகத் தோன்றினால் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும், அவர் பிறந்ததே பக்கத்து ஊரான டகோமாவாக இருக்கும். வேலை, கம்பெனி, சம்பளம், விசா எதுவும் வேண்டாம். நம் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் இரண்டாவது நிமிடத்தில் கிரீன் கார்டு வரிசைக்குப் போய்விடுகிறோம். அது வேறு வரிசை, இன்று இந்த வரிசையில் நில்லுங்கள்.

"நான் நின்டெண்டோ வைத்து வளர்ந்தவன் இல்லையே"

இந்தக் கூச்சம் பலருக்கு உண்டு. சுற்றி இருப்பவர்கள் செல்டா பற்றியும் சூப்பர் நின்டெண்டோ பற்றியும் பிறந்ததிலிருந்து தெரிந்த மாதிரிப் பேசுவார்கள், நமக்கு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஆடிய கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 தான் தெரியும்.

இதில் இரண்டு விஷயம். ஒன்று, கவுண்டர் ஸ்ட்ரைக்கை வெளியிட்ட வால்வ் கம்பெனி இருப்பதே பெல்வியூவில்தான், ஏரிக்கு அந்தப் பக்கம். அந்தக் கதையைச் சொல்லுங்கள். மாடியில் இருட்டறை, பத்து கம்ப்யூட்டர், ஒரே டஸ்ட் 2 மேப், தோற்றவன் அடுத்த மணிக்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற பந்தயம். இங்கே இருப்பவர்களுக்கு அது புதுசு, ஆசையாகக் கேட்பார்கள்.

இரண்டாவது, நீங்கள் நின்டெண்டோ ஆடியிருக்கிறீர்கள். சின்ன வயதில் டிவியில் செருகி ஆடிய "டிவி கேம்" நினைவிருக்கிறதா, மஞ்சள் கேசட்டில் 9999 விளையாட்டு என்று போட்டுவிட்டு உள்ளே பத்துப் பதினைந்தே திரும்பத் திரும்ப வருமே? அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை 1983இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். கான்ட்ரா, மாரியோ, வாத்து சுடுவது எல்லாம் அதில் வந்தவைதான். பேக்ஸில் பழைய கன்சோல்களை வைத்திருக்கும் ஃப்ரீபிளே பகுதிக்குப் போய், கான்ட்ரா இருந்தால் எடுத்து உட்காருங்கள், இரண்டாவது கன்ட்ரோலரை யாராவது நிச்சயம் எடுப்பார்கள். எந்த இடத்தில் எதிரி எங்கிருந்து குதிப்பான் என்று உங்கள் கட்டைவிரலுக்கே தெரிந்திருக்கும்.

உட்காரும் இடங்கள்

இந்தப் பகுதிக்குத்தான் நாளில் பாதி நேரம் ஒதுக்க வேண்டும்.

டேபிள்டாப் நூலகத்தில் அடையாள அட்டையோ பேட்ஜோ காட்டி ஒரு போர்டு கேமை இரவல் வாங்கலாம். வாங்கிக்கொண்டு காலி மேசையில் உட்கார்ந்து, ஆள் தேவை என்ற அறிவிப்புப் பலகையோ கூம்போ வைத்திருந்தால் அதை மேசையில் வையுங்கள், இல்லையென்றால் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஐந்து நிமிடம் தனியாக உட்கார்ந்திருப்பது சங்கடமாக இருக்கும், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள், எழுந்து போய்விடாதீர்கள். அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தால் கையும் சும்மா இருக்காது, பார்க்கிறவர்களுக்கும் ஆட்டம் தொடங்கப் போகிறது என்று தெரியும்.

எந்த ஆட்டம் என்பது முக்கியம். உங்களுக்கு விதி முழுவதும் தெரிந்த, முக்கால் மணிக்குள் முடியும் ஆட்டமாக இருக்கட்டும். ஸ்ப்லெண்டர், அசூல் இரண்டும் இரண்டு முதல் நாலு பேர் ஆடுவது, ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், ஆடும்போது நடுநடுவே பேசவும் இடம் இருக்கும். ஒற்றைச் சொல் குறிப்பை வைத்துச் சொற்களைக் கண்டுபிடிக்கும் கோட்நேம்ஸ் நல்ல ஆட்டம்தான், ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சி, அமெரிக்கப் பேச்சுவழக்கு தெரியாமல் குறிப்புக் கொடுப்பது புதிதாக வந்தவர்களுக்குக் கொஞ்சம் திண்டாட்டம், முதல் ஆட்டமாக வேண்டாம். மூன்று மணி நேரம் இழுக்கும் பெரிய பெட்டிகளையும் தொடாதீர்கள், நடுவில் பிடிக்காமல் போனால் தப்பிக்க வழியில்லை. குரோக்கினோல் என்ற வட்டமான மரப்பலகையைப் பார்த்தால் மட்டும் விடாதீர்கள். கனடாவில் பிறந்த விளையாட்டு, காயை விரலால் சுண்டி நடுக்குழியில் போட வேண்டும். கேரம் ஆடி வளர்ந்த விரல் உங்களுடையது, பத்து நிமிடத்தில் மேசையைச் சுற்றி ஆள் கூடும்.

மேசையில் சில நாகரிகங்கள். அடுத்தவர் யோசிக்கும்போது "இதை வை, அதை வை" என்று சொல்லித்தராதீர்கள். தோற்கிற நிலை வந்தாலும் ஆட்டத்தை முடித்துவிட்டு எழுந்திருங்கள். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து காய்களைப் பெட்டியில் போடுவார்கள், அந்த இரண்டு நிமிடம்தான் "இன்னொன்று ஆடலாமா?" என்று கேட்க நல்ல நேரம். டேபிள்டாப் பகுதி மற்றக் கூடங்கள் மூடிய பிறகும் இரவு வெகுநேரம் திறந்திருக்கும், மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே வருகிறவர்கள் அவசரமில்லாதவர்கள். ஆள் பழக அதுதான் உச்ச நேரம் என்பேன்.

கன்சோல் ஃப்ரீபிளேயில் ஸ்மாஷ் பிரதர்ஸ், ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடும் டிவிகளைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். சும்மா பின்னால் நின்று பார்க்காமல் "அடுத்து நான் ஆடலாமா?" என்று கேட்டுவிட வேண்டும், கேட்டால் இல்லையென்று சொல்வது அபூர்வம். ஜெயித்தாலும் தோற்றாலும் முஷ்டியை நீட்டி "ஜிஜி" (குட் கேம், நல்ல ஆட்டம்) சொல்லுங்கள். படுதோல்வி என்றால் எப்படி அடித்தீர்கள் என்று கேளுங்கள். சண்டை விளையாட்டு ஆடுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் அலாதி சந்தோஷம்.

பீன் பேக் மூலை வேறு மாதிரி. அங்கே பாதிப் பேர் தூங்குவார்கள், விடுங்கள். ஸ்விட்சில் மாரியோ கார்ட் லோக்கல் அறை திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால் ஆள் சேரும்.

பின் மாற்றுகிறவர்களும் போகிமான் லீகும்

கழுத்துப் பட்டை முழுக்கச் சின்னச் சின்ன உலோகப் பின்களைக் குத்திக்கொண்டு அலைகிறவர்களைப் பார்ப்பீர்கள். பின்னி ஆர்கேட் என்று இதற்குப் பெயர், பேக்ஸில் மட்டும் கிடைக்கும் பின்கள் பல உண்டு. விற்பனைக் கடையில் ஒன்றிரண்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், நீங்களும் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டீர்கள். யாரிடம் வேண்டுமானாலும் போய் "உங்கள் பின்களைப் பார்க்கலாமா?" என்று கேட்கலாம், கேட்பதற்காகத்தான் மாட்டியிருக்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்று மாற்றுவது வழக்கம். அவர் கழுத்தில் இருக்கும் பின்னை நீங்களாகத் தொடாதீர்கள், விரலால் காட்டிக் கேளுங்கள். அபூர்வமான பின்களைத் தனி ஏட்டில் வைத்திருக்கும் தீவிரக்காரர்கள் உண்டு, அவர்கள் மாற்ற மறுத்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை, ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு கதை சொல்வார்கள், அதைக் கேட்டுவிட்டு வாருங்கள். சேர்க்கும் ஆசை எனக்கு அவ்வளவாக இல்லை, ஆனாலும் தனியாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பின் வாங்கச் சொல்லித்தான், ஏனென்றால் பேச ஒரு காரணம் கையிலேயே இருக்கும்.

போகிமான் பிடித்தவர்களுக்கு இன்னும் சுலபம். பேக்ஸ் போகிமான் லீக் என்று ரசிகர்களே நடத்தும் ஒன்று உண்டு. போகிமான் விளையாட்டில் தோற்கடிக்க வேண்டிய ஜிம் தலைவர்களாக வேஷம் போட்டவர்கள் கூடத்தில் சுற்றிக்கொண்டிருப்பார்கள், அவர்களைத் தேடிப்பிடித்துச் சண்டைக்கு அழைத்து ஜெயித்தால் விளையாட்டில் வருவது போன்ற நிஜமான வெற்றிச் சின்னம் ஒன்று தருவார்கள். தலைவரைத் தேடும்போதே அதே தலைவரைத் தேடும் இன்னொருவர் சிக்குவார், இருவரும் சேர்ந்து அலைவீர்கள்.

கூடைகளில் குக்கீ வைத்துக்கொண்டு சிலர் வருவார்கள். குக்கீ பிரிகேட், வீட்டில் சுட்டுக் கொண்டுவந்து நன்கொடை வாங்குகிறார்கள், பணம் சைல்ட்ஸ் ப்ளே என்ற அறக்கட்டளைக்குப் போகும். மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டும் பொம்மையும் வாங்கிக் கொடுக்க 2003இல் தொடங்கியது. முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

விற்பனைக் கூடத்தில்

பெரிய ஸ்டால்களில் ஒரு டெமோவுக்கு (புது விளையாட்டின் மாதிரி ஆட்டம்) இரண்டு மணி நேரம்கூட நிற்க நேரலாம். முன்னும் பின்னும் நிற்பவர்களோடு பேசத் தயாரென்றால் நில்லுங்கள், டெமோவுக்காக மட்டும் என்றால் அந்த விளையாட்டு எப்படியும் வீட்டுக்கு வரும்.

சின்ன ஸ்டால்கள்தான் விசேஷம். மூன்று பேர் சேர்ந்து செய்த விளையாட்டுக்கு அந்த மூவரில் ஒருவரே நிற்பார். ஆடிப் பாருங்கள், பிடித்த ஒரு குறிப்பிட்ட விஷயத்தைச் சொல்லுங்கள், எங்கே திணறினீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அது அவர்களுக்கு உண்மையிலேயே உதவும். பின்னால் ஆள் சேர்ந்துவிட்டால் இடம்விட்டு நகருங்கள், மறுபடி கடைசி நேரத்தில் வரலாம். அதே வாரஇறுதியில் சியாட்டில் இண்டீஸ் எக்ஸ்போ என்று உள்ளூர்க்காரர்கள் நடத்தும் இலவசக் கண்காட்சி ஒன்றும் வழக்கமாக உண்டு, பேக்ஸ் பேட்ஜ் தேவையில்லை. இடத்தையும் நாளையும் பார்த்துக்கொண்டு ஒரு நடை போய்வாருங்கள், நெரிசல் குறைவு, பேச்சு அதிகம்.

காஸ்ப்ளே, அதாவது விளையாட்டுப் பாத்திரங்களின் வேஷம், போட்டிருப்பவரைப் படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். உடையைத் தொடக் கூடாது, சாப்பிடும்போது நிறுத்தக் கூடாது, நடைபாதையை மறிக்கக் கூடாது. எல்லோரும் "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். "இந்தக் கவசம் எதில் செய்தது? ஈவிஏ ஃபோமா?" என்று கேட்டால் உரையாடலாகும்.

பேனல்கள் (மேடைக் கலந்துரையாடல்கள்) பற்றி ஒரு வரி: உள்ளே பேச முடியாது, வெளியே வரிசையில்தான் பேச முடியும்.

பேச்சை முடிப்பதும் தொடர்பு வாங்குவதும்

நம் ஆட்களுக்குத் தொடங்குவதைவிட இதுதான் கஷ்டம். பேச்சு நன்றாகப் போகும்போதே கேட்டுவிடுங்கள், தளர்ந்த பிறகு வேண்டாம். போன் எண் கேட்க வேண்டியதில்லை, இங்கே அது கொஞ்சம் நெருக்கமான விஷயம். டிஸ்கார்ட் பெயரோ ஸ்விட்ச் நண்பர் எண்ணோ கேட்டால் யாருக்கும் உறுத்தாது. உங்கள் டிஸ்கார்டின் க்யூஆர் குறியீட்டைப் போனில் படமாக வைத்திருந்தால் கூட்டத்தில் எழுத்துக்கூட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். சேர்த்த உடனே அங்கேயே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள், "அசூல் மேசை, தாடி வைத்தவர் நான்" என்ற மாதிரி. இல்லையென்றால் இரவு பார்க்கும்போது பட்டியலில் இருக்கும் டிராகன் படங்களில் யார் யாரென்று தெரியாது.

நீளமான பெயர் என்றால் சுருக்கிச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம், உங்கள் விருப்பம். பல பேர் இங்கே ஆன்லைன் பெயராலேயே அறிமுகம் செய்துகொள்வார்கள், அதில் வியப்பில்லை.

ஒருவர் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறார், கண்ணைப் போனுக்குத் திருப்புகிறார் என்றால் "நல்லது, ரசித்து ஆடுங்கள்" என்று சிரித்துவிட்டு நகருங்கள். களைத்திருப்பார், அவ்வளவுதான். ஒரே ஆளை நாள் முழுக்கத் தொடர்ந்து போவதும் சரியில்லை, குறிப்பாக தனியாக வந்திருக்கும் பெண்களை. தொல்லை உங்களுக்கு வந்தாலும் சரி, கண்ணில் பட்டாலும் சரி, என்ஃபோர்சர் என்று எழுதிய சட்டை போட்டவர்களிடம் சொல்லுங்கள், அவர்கள்தான் பேக்ஸை நடத்தும் ஆட்கள், பெரும்பாலானவர்கள் தாங்களே ரசிகர்கள், பொறுமையாகக் கேட்பார்கள்.

மாலையில் பசி வரும். "சாப்பிடப் போகிறேன், வருகிறீர்களா?" என்று மேசையில் இருந்தவர்களைக் கேளுங்கள். கன்வென்ஷன் சென்டருக்குள் விலை அதிகம். மேட்டுப் பக்கம் நடந்தால் கேப்பிட்டல் ஹில், பள்ளத்துப் பக்கம் நடந்தால் பைக் பிளேஸ் மார்க்கெட். மார்க்கெட் கடைகள் மாலையிலேயே மூடத் தொடங்கிவிடும், அதனால் ராத்திரிக்குக் கேப்பிட்டல் ஹில்தான். தாய் உணவகம் என்றால் சைவக்காரர்களுக்கும் பிரச்சினை இருக்காது. பில் வந்ததும் "நான் கொடுக்கிறேன்" என்று பாய வேண்டாம், இங்கே அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுப்பார்கள், நீங்கள் கொடுத்தால் எதிராளிக்குத்தான் சங்கடம். யாராவது பாருக்குப் போகலாம் என்றால் வயது 21 ஆகியிருக்க வேண்டும், அசல் அடையாள அட்டை கேட்பார்கள், குடிக்காதவர் சோடா வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கே பழகியவரின் ஹோட்டல் அறைக்குப் போகாதீர்கள், எங்கே இருக்கிறீர்கள் என்பது வீட்டிலோ நண்பரிடமோ ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான பேர் தொடும் கன்ட்ரோலர்கள் அவை. 2009இல் பேக்ஸுக்கு வந்தவர்களில் பலருக்கு எச்1என்1 காய்ச்சல் வந்து அது செய்தியானது, கன்வென்ஷனுக்குப் பிறகு வரும் சளிக்கு ஆங்கிலத்தில் பட்டப்பெயரே உண்டு. சாப்பிடும் முன் கை கழுவுங்கள், மாஸ்க் போட்டாலும் யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். சத்தம் தலைக்கேறினால் அமைதியான ஓய்வறை எங்கே என்று என்ஃபோர்சரிடம் கேளுங்கள், இல்லையென்றால் வெளியே ஃப்ரீவே பார்க் இருக்கிறது, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

செவ்வாய்க்கிழமை செய்ய வேண்டியது

திங்கள் இரவு எல்லோரும் களைத்துப்போய்த் தூங்குவார்கள். செவ்வாய் மாலை, டிஸ்கார்டில் சேர்த்தவர்களில் உண்மையிலேயே பிடித்தவர்களுக்கு மட்டும் எழுதுங்கள். "சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று மட்டும் அனுப்பினால் ஒரு சிரிப்புப் பொம்மை பதிலாக வரும், கதை அத்தோடு முடியும். நாளும் நேரமும் போட்டு அழையுங்கள்: "வியாழக்கிழமை எட்டு மணிக்கு மான்ஸ்டர் ஹண்டர் ஆடப் போகிறேன், வருகிறீர்களா?" உள்ளூர்க்காரர் என்றால் பெல்வியூவிலோ பாலர்டிலோ உள்ள மாக்ஸ் போர்டிங் ஹவுஸுக்கு அழைக்கலாம். போர்டு கேம் கடையும் சாப்பாட்டுக் கடையும் ஒரே கூரையின் கீழ், ஆட மேசையும் உண்டு, முதல் முறை வெளியில் சந்திக்கப் பொதுவான இடமாகவும் இருக்கும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள், அதற்கும் வராவிட்டால் விட்டுவிடலாம். நாலு பேருக்கு எழுதி இரண்டு பேர் வந்தாலே ஸ்ப்லெண்டர் ஆடிவிடலாம்.